அம்மா இடுப்பில் செருகிய குக்கர் வெயிட்

ஊரில் மற்ற அம்மாக்கள் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொள்வார்கள். என் அம்மா குக்கர் வெயிட்டைச் செருகிக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டாம், அந்த வெயிட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில், விடிந்ததும் அவர் மைன்ஸிலிருந்து வந்து, குளித்து, நாலு இட்லியைத் தின்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். கதவு சாத்தின அடுத்த நிமிடம் அம்மா சமையல் மேடையிலிருந்து அந்தச் சின்ன இரும்புக் குண்டை எடுத்து, புடவை மடிப்பில் சுருட்டி, இடுப்பில் செருகுவாள். மேடையிலேயே கிடந்தால் கைப்பழக்கத்தில் யாராவது எடுத்துக் குக்கர் தலையில் போட்டுவிடுவார்கள், விசில் அடிக்கும், அவர் விழித்துவிடுவார் என்ற பயம். வெயிட் போடாத குக்கர் புஸ்ஸென்று ஆவியை விட்டுக்கொண்டு கிடக்கும். பருப்பு வேகாது, கேஸ் தீரும். அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டோம். பேசினால்தான் சத்தம் வருமே.

நெய்வேலி டவுன்ஷிப்பின் பழைய பிளாக் ஒன்றில் எங்கள் குவார்ட்டர்ஸ். நிழலான தெரு, வீட்டைச் சுற்றிலும் இடம், பின்னால் ஒரு பலா, இரண்டு கொய்யா. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ‘எவ்வளவு அமைதியான ஊர்!’ என்று மெச்சுவார்கள். அந்த அமைதியை வீட்டுக்குள் எப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். குளியலறைக் குழாயின் வாயில் ஒரு பழந்துணியைக் கட்டி, அதன் முனையை வாளிக்குள் தொங்கவிட்டிருப்பாள் அம்மா. தண்ணீர் துணி வழியாக வழிந்து இறங்கும், சொட்டுச் சத்தம் கூடக் கேட்காது. பாத்திரம் கழுவிக் கவிழ்க்க ஒரு கோணிச் சாக்கு. என் கொலுசு முத்துகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தவளும் அவள்தான். முத்தில்லாத கொலுசு எதற்கு என்று கேட்டதற்கு, “காலு வெறுமையா இருக்கக் கூடாதுடி” என்றாள். அண்ணன் ஆண்பிள்ளை, கிரவுண்டுக்கு ஓடிவிடுவான். நான் வீட்டில் இருந்தேன். காலை முழுதும் அம்மாவின் விரல் உதட்டின் மேலேயே இருக்கும். ஷ்ஷ். “அப்பா தூங்கிகினு இருக்காரு.”

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் வேலை. எங்கேயோ யாரோ தூக்கக் கலக்கத்தில் பெல்ட்டில் விழுந்தார் என்று அவள் கல்யாணமான புதிதில் ஒரு கதை கேட்டிருந்தாள். அது உண்மையா பொய்யா என்று எனக்கு இதுவரை தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கதையை வைத்து எங்கள் வீட்டை இருபது வருடம் ஓட்டினாள். “அவரு தூக்கம் கெட்டா நம்ம பொழப்பு கெட்டுச்சி” என்பாள். சரி, தூக்கம் வேண்டும்தான். ஒரு மனிதர் தன் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருக்கலாமே! அந்த யோசனை ஏன் அந்த வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை? இரண்டு காதில் வைக்க வேண்டிய பஞ்சை எங்கள் எல்லோர் வாயிலும் வைத்து அடைத்தார்கள். அதற்குப் பெயர் பொறுமை. பொறுத்தார் பூமியாள்வார் என்று பள்ளிக்கூடச் சுவரில் வேறு எழுதியிருந்தது. எங்கள் ஊரில் பொறுமையாகக் கிடந்த பூமியைத்தான் முதலில் தோண்டினார்கள், அதை எழுதியவருக்கு யார் சொல்வது?

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, கோடை விடுமுறையில், குளியலறை இரும்புக் கதவின் கீல் பக்கம் என் வலது கை நடுவிரல் மாட்டிக்கொண்டது. காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொள்ளக் கூடாதே, சத்தம் வருமே என்றுதான் அதைப் பிடிக்கப் போனேன். விரல் நசுங்கியது. வாயைத் திறந்தேன். அம்மா சமையலறையிலிருந்து பறந்து வந்தாள். வந்தவள் முதலில் என் வாயைப் பொத்தினாள். பிறகுதான் விரலைப் பார்த்தாள். அந்த உள்ளங்கையில் வெங்காய வாடை அடித்தது, இன்னும் மூக்கில் இருக்கிறது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, என் கண்ணிலிருந்தும் வழிந்தது, இருவரும் சத்தமில்லாமல் அழுதோம். மஞ்சளை வைத்துத் துணி சுற்றினாள். பிறகு சத்தமில்லாமல் கொல்லைக் கதவைத் திறந்து என்னைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோதும் அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. நகம் விழுந்து, புதுசு முளைத்தது. கோணலாக முளைத்தது. இப்போதும் கோணல்தான்.

இப்படி வளர்ந்த பெண் என்ன வேலைக்குப் போவாள்? ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குத்தான். டவுன்ஷிப்பிலேயே கல்யாணம், டவுன்ஷிப்பிலேயே வேறொரு பிளாக்கில் குவார்ட்டர்ஸ், வீட்டுக்காரருக்கும் அதே மூன்று ஷிப்ட். முதல் நைட் ஷிப்ட் வாரத்திலேயே நான் குழாயில் துணி கட்டினேன். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, “என்னா இது, குழாய்க்கு அடிபட்டுடுச்சா?” என்று கேட்டார். அவர் தூங்கினால் பக்கத்தில் கல்யாண மேளம் வாசித்தாலும் எழுந்திருக்க மாட்டார். சத்தத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் கால் நுனியில்தான் நடந்தேன். வீட்டில் மட்டுமா? நூலகத்தில் என் வேலையோடு இன்னொருவர் வேலையையும் தலையில் கட்டினார்கள், வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டே நின்றார், அடுத்த ஸ்டாப்பில் அவர் இறங்கும்வரை காத்திருந்தேன். எல்லோரும் சொன்னார்கள், தங்கமான பெண், இருக்கிற இடமே தெரியாது என்று. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதற்கு எதற்கு இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தானே புயல் முந்திரிக்காட்டையும் பலாவையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போய் மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. என் மகள் அப்போது எல்கேஜி. ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனபோது ஆசிரியை சிரித்த முகத்தோடு, “உங்க பாப்பா ரொம்ப சமத்துங்க. சறுக்குமரத்துலேருந்து விழுந்தா, ஒரு சொட்டு அழல” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. மறுநாள் அவள் இடது கையால் சோறு எடுத்துத் தின்றபோதுதான் வலது கை வீங்கியிருப்பதைப் பார்த்தேன். எலும்பில் விரிசல். ஒரு ராத்திரி முழுக்க அந்தக் குழந்தை உடைந்த கையோடு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள், முனகக்கூட இல்லை. “ஏன் பாப்பா சொல்லல?” என்று கேட்டேன். “அப்பா தூங்கிகினு இருந்தாரும்மா” என்றாள். அந்த வார்த்தையை அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே படித்துக்கொண்டிருக்கிறாள்.

கட்டுப்போட்ட டாக்டர் வயசானவர். கையை அசைத்து அசைத்துப் பார்த்தும் குழந்தை வாயைத் திறக்காததைக் கவனித்து, “இவ எப்பவும் இப்படித்தானா?” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பி, “நீங்களும் இப்படித்தானா?” என்றார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். பாண்டியில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள், பாப்பா தானாகச் சரியாகிவிடுவாள் என்று சொன்னார். விஷயம் தெரிந்ததும் அம்மா போனில் தாளித்துக் கொட்டினாள், அதுவும் கிசுகிசுத்த குரலில்: “உனுக்கு என்னா பைத்தியமா புடிச்சிருக்கு? நாங்கள்லாம் எந்த டாக்டரப் பாத்தோம்? மனசு விட்டுப் பேசணும்னா கோயிலுக்குப் போ.” வீட்டுக்காரர்தான், “நீ கெளம்பு, பாப்பாவ நான் பாத்துக்கறேன்” என்று சனிக்கிழமை காலையில் பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த ஆலோசகரை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். டயர்க்கடைக்கு மேலே மாடியில் அவருடைய அறை. கீழே சம்மட்டிச் சத்தமும் காற்றடிக்கிற மெஷின் சத்தமும் ஓயாது. இதில் மேடம் தும்மினால் கட்டிடமே அதிரும். நான் உள்ளே போய் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டது, “நாற்காலிய ஏம்மா தூக்கி வச்சீங்க? இழுத்தா வராதா?” என்பதுதான். எனக்குப் புரியவில்லை. நாற்காலியை இழுத்தால் சத்தம் வருமே, தூக்கித்தானே வைப்பார்கள் என்றேன். “கீழ அவன் ஊரையே இடிக்கான். உங்க நாற்காலிச் சத்தமா யாருக்கும் கேக்கப் போகுது?” என்றார். என்னை இப்படி ஒருவர் பார்த்ததே இல்லை. நான் நாற்காலியைத் தூக்கி வைக்கிறேன் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

அவர் செய்தது ஸ்கீமா தெரபி என்ற முறை. தான் மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். பெயரைக் கேட்டு மிரண்ட எனக்கு மேடம் சொன்ன விளக்கம் எளிமையாகத்தான் இருந்தது. “வீட்டுல எது கிடைக்கலையோ, அது இல்லாம எப்படிப் பிழைக்கிறதுன்னு பிள்ளை ஒரு வழி கண்டுபிடிச்சுக்கிடும். அந்த வயசுக்கு அந்த வழி சரிதான். பிறகு வீடு மாறும், ஆளு மாறும், வழி மட்டும் மாறாது. அதே பாதையிலதான் நடப்போம், முள்ளு குத்தினாலும்.” அந்தப் பாதையைத்தான் ஸ்கீமா என்கிறார்கள். அது மனதில் பதிந்ததால் அறிவுக்குத் தெரிந்தாலும் கால் கேட்பதில்லை. வீட்டுக்காரர் விழிக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தும் நான் கால் நுனியில் நடந்தது அதனால்தான். ஆகவே அறிவுரையால் அது போகாது, அது எங்கே பதிந்ததோ அந்த இடத்துக்கே திரும்பப் போய், அன்றைக்குக் கிடைக்காததை அந்தப் பிள்ளைக்கு இன்றைக்குக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வண்டிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

கோபத்தைப் பற்றிக் கேட்டார். எனக்குக் கோபமே வராது மேடம் என்று கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். “கோபம் வராத ஆளுன்னு உலகத்துல யாரும் இல்லம்மா. எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க.” நான் யோசித்தேன். எங்கள் ஊர்ச் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு கிடக்கிறது, பம்புகள் ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும் என்றேன். மேடம் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, “உங்க உள்ள பம்ப் ஓட்டுறது யாரு?” என்றார். நான்தான் என்றேன். “எந்த ஷிப்ட்?” மூணு ஷிப்டும் என்றேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஓர் அசதி, கல் சுமந்தவள் மாதிரி. வடலூர் வந்ததே தெரியாமல் தூங்கிப்போனேன்.

சில வாரங்கள் கழித்து விரல் நசுங்கிய அந்தக் காலைக்குப் போனோம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கதவு, விரல், அம்மாவின் கை, வெங்காய வாடை எல்லாம் அப்படியே வந்தன. “இப்ப நீங்க, பெரிய மனுஷி, அந்த வீட்டுக்குள்ள போறீங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டார். நான் போனேன். அம்மாவின் கையை விலக்கினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்து, தெருவைத் தாண்டி, மைதானத்து ஓரத்தில் இருந்த பெரிய மரத்தடியில் உட்காரவைத்து, இப்போது அழு என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நிறைவோடு கண்ணைத் திறந்தேன். மேடம் தலையைச் சாய்த்துக் கேட்டார்: “மைதானத்துக்கு எதுக்கும்மா கூட்டிட்டுப் போனீங்க? வீட்டுக்குள்ள வச்சே அழக் கூடாதா?” என் மனசுக்குள், என் கற்பனையில், யாரும் கேட்க முடியாத இடத்தில்கூட நான் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்காமல் பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்! அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவை கோபம் வந்தது. மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஓங்கி வைத்தேன். மேடம் “நல்லது” என்றார்.

அடுத்த தடவை ஒரு காலி நாற்காலியைக் காட்டி, அதில் உங்கள் அப்பா உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுங்கள் என்றார். எனக்கு வரவே இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்த ஞாபகமே எனக்கு இல்லை மேடம், என் நினைப்பில் அப்பா என்றால் ஒரு சாத்தின கதவுதான் என்றேன். மேடம் எழுந்துபோய் அறையின் மூலையில் இருந்த சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “சரி, கதவுகிட்டயே பேசுங்க” என்றார். நான் எழுந்து நடந்தேன். கால் தானாக நுனியில் நின்றது. கதவுக்கு எதிரே நின்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்போது மேடம் என் பக்கத்தில் வந்து நின்று, கையை ஓங்கி அந்தக் கதவைத் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு அல்ல, கீழே டயர்க்கடைக்காரன் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு. “சார், எந்திரிங்க! உங்க பிள்ள விரல் நசுங்கிக் கிடக்கா. தூக்கம் பிறகு தூங்கிக்கலாம். வெளிய வாங்க!” என்று சத்தம் போட்டார். எனக்காக அந்தக் கதவை அதுவரை யாரும் தட்டினதில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, எட்டு வயதில் அழ வேண்டிய அழுகையை முழுசாக அழுதேன். முடிந்த பிறகு எழுந்து நானும் தட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும். ஒரு வருடத்துக்கு மேல் பாண்டிக்கு அலைந்தேன். நடுவில் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருந்த வாரங்களும் உண்டு. வீட்டில் செய்துபார்க்க மேடம் சின்னச் சின்ன வேலை கொடுப்பார். நாற்காலியை இழுத்துப் போடு, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடு, நூலகத்தில் தலையில் கட்டின வேலையைத் திருப்பிக் கொடு. ஒரு பகலில், வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தபோது, ஓர் எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே கீழே போட்டேன். தட்டு சுற்றிச் சுற்றி விழுந்து அடங்கியது, என் இதயமும் அதோடு சுற்றியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மனிதர் புரண்டுகூடப் படுக்கவில்லை. நானும் பாப்பாவும் அதே தட்டை இன்னொரு தடவை போட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். பழைய பயம் இன்னும் வரும். ஆனால் அது வந்திருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது, வா, உட்கார், ஆனால் நீ சொல்கிறபடி நான் ஆட மாட்டேன் என்று சொல்ல முடிகிறது. பாப்பாவும் ஊரைக் கூட்டி அழக் கற்றுக்கொண்டாள். முழங்காலில் கீறல் விழுந்தால் மூன்றாவது வீட்டு ஆள் எட்டிப் பார்ப்பார். அந்த அழுகையைக் கேட்டால் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அதற்குள் சொந்தக்காரர்களுக்கு வாய் நீண்டுவிட்டது. “மைன்ஸ்ல கரியத் தின்னு ஒழைச்ச மனுஷன், அவரப் போயி குத்தம் சொல்லுது பாரு” என்றார்கள். மேடத்திடம் இதைச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “அவர் உழைச்சது நிஜம். நீங்க பயந்ததும் நிஜம். ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு பொய்யாயிடுமா?” என்றார். இதை எனக்கு முப்பது வருடம் முன்னால் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? அவர் உழைப்பை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டேன், படித்தேன். அதற்கு நன்றி உண்டு. நன்றி இருக்கிற இடத்தில் கோபம் இருக்கக் கூடாது என்று எவன் எழுதி வைத்தான்?

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில், புயலில் சாய்ந்த முந்திரித்தோப்பில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். வேலை போனாலும் அவர் உடம்பு நைட் ஷிப்டை விடவில்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பார், காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சமையலறையில் குக்கர் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் இடுப்பைப் பார்த்தேன். புடைத்துக்கொண்டிருந்தது. போக எந்த ஷிப்டும் இல்லை, விழ எந்த பெல்ட்டும் இல்லை, வெயிட் மட்டும் இன்னும் இடுப்பில்! நான் வாய் திறப்பதற்குள் கொல்லையிலிருந்து பாப்பாவின் அலறல் கேட்டது. மிச்சமிருந்த ஒரு முந்திரி மரத்தின் கிளையைப் பிடித்து ஆட்டியிருக்கிறாள், முசுறு எறும்பு கழுத்தெல்லாம் ஏறிக் கடித்துவிட்டது. கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள். அம்மா பாய்ந்தாள். அந்தக் கை எழுந்தது. எறும்பைத் தட்ட அல்ல, வாயை நோக்கி.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். “பொத்தாத! அவ அழட்டும்!” என்றேன். அந்த வீடு அதுவரை கேட்காத குரல். “நீ அழு பாப்பா. நல்லா சத்தமா அழு!” அறைக் கதவு திறந்தது. அப்பா கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். அம்மா என் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தாள். அவரோ எங்களைப் பார்க்கவே இல்லை. “பாப்பாக்கு என்னா ஆச்சி? எங்க கடிச்சிது, தாத்தாகிட்ட காட்டு” என்று குனிந்து, அவள் கழுத்திலிருந்து எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நசுக்கினார். எனக்குத் தலைக்கு ஏறியது. இவ்வளவுதானா? கதவு திறந்தால் இதுதான் நடக்குமா? இதற்கா நாங்கள் அத்தனை வருடம் செத்துச் செத்துப் பிழைத்தோம்?

“அப்பா, என் வெரலு நசுங்குன அன்னிக்கும் நீங்க உள்ளதான் இருந்தீங்க. அம்மா என் வாயப் பொத்திடுச்சி. நான் அழவே இல்ல. யாரும் உங்கள எழுப்பல” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “எந்த வெரலு?” என்றார்.

எந்த விரல்! என் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது இந்தக் கையைத்தான் பிடித்துக் கொடுத்தார். நான் நடுவிரலை அவர் முகத்துக்கு எதிரே நீட்டினேன். அம்மா அப்போது கத்தினாள். என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. “சொல்லல! நான்தான் சொல்லல! நீங்க தூங்காம போயி பெல்ட்டுல வுழுந்துட்டீங்கன்னா இந்த ரெண்டையும் வச்சிக்கினு நான் எந்த வூட்டுக்குப் போவன்?” அம்மா சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அவளை வேடிக்கை பார்த்தாள். எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இளகவில்லை. அந்தப் பயத்தை என் வாயில் வைத்து அடைத்திருக்க வேண்டாம் என்றுதான் அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அவள் மணிக்கட்டை விட்டேன். “வெயிட்டக் குடும்மா” என்று கையை நீட்டினேன்.

அம்மா புடவை மடிப்பைப் பிரித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. சமையலறைக்குப் போய் ஆவி வந்துகொண்டிருந்த குக்கர் தலையில் அதைப் போட்டேன். பருப்பு கொதிக்கிற சத்தம் ஏறிக்கொண்டே போய், விசில் வீடு முழுக்க அடித்தது. அம்மா திடுக்கிட்டு, பழக்கத்தில், அறைக் கதவைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அப்பா வெளியே நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.